தமிழக இசையில் சிந்தசைசர்: ஒலி அமைப்பின் வரலாறு

சிந்தசைசர் என்பது மின்சுற்றுகள் அல்லது கணினி நிரல்கள் மூலம் ஒலியை உருவாக்கி, அவ்வொலியின் தன்மையை வாசிப்பவரே மாற்றிக்கொள்ள இடமளிக்கும் இசைக்கருவி. பியானோவைப் போன்ற கட்டைகள் பொருத்தப்பட்டிருப்பதால் தமிழகத்தில் இது பொதுவாகக் கீபோர்டு என்றே அழைக்கப்படுகிறது. ஒலி எழும் வேகம், நீடிக்கும் காலம், அடங்கும் விதம், கூர்மை, அசைவு, சுருதி ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் முடியும். இவை ஒலி அளவுருக்கள் எனப்படுகின்றன.

தமிழகத்துக்கு இக்கருவி வந்தபோது, கட்டைக் கருவிகளைப் பற்றிய ஒரு பழைய விவாதம் இங்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு நிலையான சுரங்களை மட்டுமே ஒலிக்கும் கட்டைகளில் கமகத்தை எவ்வாறு வாசிப்பது என்பதே அவ்விவாதம். சிந்தசைசரின் அளவுருக்கள் அதற்கு ஓரளவு விடை தந்தன. அதே சமயம் அளவுருக்களை அமைக்கும் வேலை வாசிப்பவரின் கையிலிருந்து தொழிற்சாலைக்கு மெல்ல நகர்ந்தது. தமிழக இசையில் இக்கருவியின் வரலாறு இவ்விரு போக்குகளையும் கொண்டது.

ஆர்மோனியம்: முன்வரலாறு

தமிழகத்தில் பரவலாக அறியப்பட்ட முதல் கட்டைக் கருவி ஆர்மோனியம். 1840களில் பிரான்சில் உருவான இக்கருவி, 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கல்கத்தாவில் கையால் துருத்தி இயக்கும் சிறிய வடிவம் பெற்று இந்தியா முழுவதும் பரவியது. தமிழகத்தில் இசை நாடக மேடை இதை ஏற்றுக்கொண்டது. நடிகரும் பாடகருமான எஸ். ஜி. கிட்டப்பாவின் சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியக் கலைஞராகப் புகழ்பெற்றவர். பின்னாளில் திரைப்பட இசையமைப்பாளர்கள் மெட்டமைக்கப் பயன்படுத்தியதும் பெரும்பாலும் ஆர்மோனியமே.

தமிழ் இசை வழக்கில் இக்கருவி ஒரு நிலையான சொல்லையும் விட்டுச்சென்றுள்ளது. பாடகரின் சுருதியை ‘ஒரு கட்டை’, ‘நாலரைக் கட்டை’, ‘ஐந்து கட்டை’ என்று குறிப்பிடும் வழக்கம் ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணுவதிலிருந்து வந்தது. மேற்கத்திய முறையில் சி எனப்படும் சுரம் ஒரு கட்டை, டி இரண்டு கட்டை, எஃப் நான்கு கட்டை, ஜி ஐந்து கட்டை. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை என எண்ணப்படுகின்றன.

ஆர்மோனியத்தின் மீது இரண்டு குறைகள் சொல்லப்பட்டன. முதலாவது, அதன் சுரங்கள் சம இடைவெளியில் பகுக்கப்பட்டவை. ஓர் எட்டுச்சுர வீச்சை 1200 சென்ட் என்று கொண்டால், ஆர்மோனியத்தின் அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கும். தம்புராவின் நாதத்தோடு இயல்பாக இழையும் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 386 சென்ட். ஏறக்குறைய 14 சென்ட் வேறுபாட்டைப் பயின்ற காது எளிதில் உணரும். பஞ்சமத்தில் இந்த வேறுபாடு 2 சென்ட் மட்டுமே.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. கட்டையை அழுத்தினால் ஒலி அதே இடத்தில் நிற்கும். வீணையில் தந்தியை இழுப்பது போலவோ, குரலில் வளைப்பது போலவோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடியாது. கமகமே ராகத்தின் உயிர் என்று கருதும் இசைமரபில் இது அடிப்படையான தடையாகப் பார்க்கப்பட்டது.

அகில இந்திய வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவில் பணியாற்றிய ஜான் ஃபோல்ட்ஸ் ஆர்மோனியத்தைக் கடுமையாக விமர்சித்தார். இரவீந்திரநாத் தாகூரும் அதை எதிர்த்தார். வானொலியின் கட்டுப்பாட்டாளராக லயனல் ஃபீல்டன் இருந்தபோது, 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியம் வானொலியில் தடைசெய்யப்பட்டது. 1971 இல்தான் இத்தடை பகுதியளவு தளர்த்தப்பட்டது. தடை நீடித்த முப்பது ஆண்டுகளிலும் நாடகம், திரைப்படம், பஜனை, தேவாலயம் ஆகியவற்றில் ஆர்மோனியம் தொடர்ந்து ஒலித்தது.

அயல்நாட்டுக் கருவிகளை ஏற்கும்போது அவற்றின் அமைப்பை மாற்றிக்கொள்வது கர்நாடக இசைக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தந்திகளின் சுருதியும் கருவியைப் பிடிக்கும் விதமும் இம்மரபுக்கு ஏற்ப மாறின. பிற்காலத்தில் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகள் கொண்ட வழக்கமான மாண்டலினுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை வாசித்தார். ஆர்மோனியத்தில் இத்தகைய மாற்றத்துக்கு இடம் குறைவு. அதன் உலோக நாக்குகள் தொழிற்சாலையிலேயே சுருதி கூட்டப்பட்டு வருபவை. ஒலியையே வாசிப்பவர் மாற்றக்கூடிய கட்டைக் கருவி மின்னணுத் தொழில்நுட்பத்துக்குப் பிறகே சாத்தியமாயிற்று.

முதல் மின்னணுக் கருவிகள்

பிரான்சைச் சேர்ந்த கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947 இல் உருவாக்கிய கிளாவியோலின், இந்தியத் திரையிசையில் செல்வாக்குச் செலுத்திய தொடக்ககால மின்னணுக் கட்டைக் கருவி. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். ஒலியின் நிறத்தையும் அதிர்வையும் மாற்றும் பொத்தான்களும், முழங்காலால் தள்ளி ஒலியளவைக் கூட்டும் நெம்புகோலும் இருந்தன. 1954 இல் வெளிவந்த ‘நாகின்’ இந்தித் திரைப்படத்தில் ஹேமந்த் குமாரின் இசையில் ஒலித்த மகுடி, உண்மையான மகுடியன்று. பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இணையரில் ஒருவராக அறியப்பட்ட கல்யாண்ஜி கிளாவியோலினிலும், இசையமைப்பாளர் ரவி ஆர்மோனியத்திலும் அதை வாசித்தனர். பாம்பாட்டியின் ஊதுகருவியை மின்சுற்றிலிருந்து வரவழைத்த இந்நிகழ்வு, அளவுருக்களை மாற்றி உள்ளூர் ஒலியை உருவாக்கியதற்கு இந்தியாவில் முன்னோடியான எடுத்துக்காட்டு.

அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964 இல் தமது சிந்தசைசரை உருவாக்கினார். 1969 இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் கீதா சாராபாயின் முயற்சியால் மின்னணு இசைக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அங்கு மூக் கருவியை நிறுவினார். 1970 இல் வெளிவந்த மினிமூக், அறை முழுவதும் பரவியிருந்த கருவியை மேசையில் வைக்கும் அளவுக்குச் சுருக்கியது.

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982 இல் பத்து ராகங்களை சிந்தசைசரில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அதில் அவர் பயன்படுத்திய ரோலண்ட் டிபி-303 என்னும் கருவியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி இருந்தது. அக்காலத்தில் பெரிதாகக் கவனிக்கப்படாத அத்தட்டு, 2010 இல் மறுவெளியீடு கண்டபின் உலகளவில் பேசப்பட்டது.

ஒலி அளவுருக்கள்

பெரும்பாலான சிந்தசைசர்களில் பொதுவாகக் காணப்படும் அளவுருக்களைத் தமிழ்நாட்டு இசைக்கருவிகளோடு ஒப்பிட்டால் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

அலைவடிவம்: ஒலியின் மூலப்பொருள் இது. மென்மையான சைன் அலை குழலின் கீழ்ச்சுரங்களை நினைவூட்டும். மேற்சுரங்கள் நிறைந்த ரம்பப்பல் அலை நாதஸ்வரம், வயலின் போன்ற செறிவான ஒலிகளுக்கு ஏற்றது.

வடிகட்டி: மேற்சுரங்களை வெட்டிக் குறைக்கும் பகுதி. வாயை மூடி ‘ம்’ என்று முனகிக்கொண்டே மெல்ல வாயைத் திறந்து ‘ஆ’ என்றால் ஒலி தெளிவதைக் கேட்கலாம். வடிகட்டியின் வெட்டுப்புள்ளியை உயர்த்தும்போது நிகழ்வதும் இதுவே.

ஒலியுறை: காலப்போக்கில் ஒலியளவு மாறும் விதம். எழுச்சி, தணிவு, நிலைப்பு, அடக்கம் என நான்கு கட்டங்கள் கொண்டது. வீணையை மீட்டியதும் ஒலி உடனே எழுந்து மெல்லத் தேய்கிறது. எனவே அதற்கு எழுச்சி நேரம் மிகக் குறைவு, தணிவு நேரம் நீளம், நிலைப்பு இல்லை. நாதஸ்வரத்தில் மூச்சு உள்ளவரை ஒலி நிற்கும் என்பதால் நிலைப்பு முழு அளவில் இருக்க வேண்டும். வில் போட்டு வாசிக்கும் வயலினுக்கு எழுச்சி நேரத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

அதிர்வலை: சுருதியை ஒரே சீராக மேலும் கீழும் அசைப்பது. இதைக் கமகத்துக்கு மாற்றாகக் கருதுவது தவறு. அதிர்வலையின் அசைவு கடிகாரத்தைப் போல ஒரே வேகத்தில் ஓடும். கமகத்தின் அசைவோ ராகம், காலப்பிரமாணம், முன்பின் வரும் சுரங்கள் ஆகியவற்றுக்கேற்ப மாறும்.

சுருதி வளைவு: இடக்கையால் இயக்கும் சக்கரம் அல்லது நெம்புகோல் மூலம் ஒலிக்கும் சுரத்தை உயர்த்துவது, தாழ்த்துவது. பெரும்பாலான கருவிகளில் இதன் தொடக்க எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம்.

இந்த எல்லையின் பயனைத் தோடி ராகத்தில் காணலாம். தோடியின் சாதாரண காந்தாரம் நேராக நிற்காமல் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் இடையே அசையும். காந்தாரத்திலிருந்து அந்த ரிஷபம் இரண்டு அரைச்சுரம் கீழே உள்ளது, அந்த மத்யமம் இரண்டு அரைச்சுரம் மேலே உள்ளது. ஆகவே காந்தாரக் கட்டையை அழுத்திக்கொண்டு சக்கரத்தை முழு வீச்சில் அசைத்தால், அந்தக் கமகத்தின் முழுப் பரப்பையும் தொட முடியும். அசைவின் வேகமும் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதும் வாசிப்பவரின் பயிற்சியைச் சார்ந்தவை.

சென்னை ஒலிப்பதிவுக் கூடங்கள்

சென்னையில் மின்னணுக் கட்டைக் கருவிகளைத் தொடக்கத்திலேயே வாங்கிப் பயன்படுத்தியோரில் ஒருவர் ஆர். கே. சேகர். மலையாளத் திரைப்பட இசையமைப்பாளரும் இசை ஒருங்கிணைப்பாளருமான அவர் 1976 இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் நடந்தது. அக்காலத்தில் இத்தகைய கருவிகளின் விலையும் அரிதுத்தன்மையும் எத்தகையவை என்பதை இது காட்டுகிறது. கருவிகள் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் செல்லும்போது அவற்றை இயக்கத் தெரிந்தவரும் தேவைப்பட்டார். சேகரின் மகன் திலீப், பின்னாளில் ஏ. ஆர். ரகுமான், தந்தை மறைந்தபோது ஒன்பது வயதுச் சிறுவர். பதின்ம வயதிலேயே இளையராஜா உள்ளிட்டோரின் இசைக்குழுக்களில் கீபோர்டு வாசிக்கத் தொடங்கினார்.

1970களின் இறுதியிலிருந்து இளையராஜாவின் இசையில் மின்னணு ஒலிகள் சரங்கள், குழல், தபேலா ஆகியவற்றோடு கலந்து ஒலித்தன. விஜி மேனுவல் அவரது குழுவின் முக்கியக் கீபோர்டு கலைஞர். கே. பாலசந்தர் இயக்கி 1986 இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’, கணினி வழியே இசைத்தொடர்களை இயக்கும் முறையை முன்னிறுத்திய தொடக்ககாலத் தமிழ்ப்படங்களில் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. இம்முறைக்கு அடிப்படையாக அமைந்தது 1983 இல் அறிமுகமான மிடி என்னும் தகவல் தொடர்பு முறை. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச மிடி வழிவகுத்தது. எந்தக் கட்டை, எவ்வளவு விசையுடன், எப்போது அழுத்தப்பட்டது என்பதோடு சுருதி வளைவின் அளவையும் அது எண்களாக அனுப்பியது. வளைவுக்கு மட்டும் 16,384 படிநிலைகள் உண்டு. வாசித்து முடித்த பிறகும் ஒவ்வோர் அசைவையும் திருத்த முடிந்தது.

1980களின் இறுதியில் ரகுமான் தம் வீட்டையொட்டிப் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992 இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசை அங்கு உருவானது. பெரிய இசைக்குழுவை ஒரே நேரத்தில் அமர்த்திப் பதிவுசெய்யும் முறைக்கு மாறாக, ஒவ்வோர் ஒலியையும் தனியே அமைத்து அடுக்கும் முறை இதற்குப் பின் தமிழ்த் திரையிசையில் வலுப்பெற்றது. ‘புரோகிராமிங்’ என்பது தனித் தொழிலாயிற்று. ஹாரிஸ் ஜெயராஜ் போன்றோர் இத்தொழிலிலிருந்து இசையமைப்பாளராக உயர்ந்தவர்கள். மறுபுறம், பதிவுக்கூடங்களில் வரிசையாக அமர்ந்து வாசித்த வயலின் கலைஞர்களுக்கும் தாளக் கலைஞர்களுக்கும் வாய்ப்புகள் குறைந்தன.

ஆயத்த ஒலிகளின் வருகை

1983 இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7 கருவி இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்ற முறையில் அது இயங்கியது. ஓர் அலை மற்றோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றும்போது பிறக்கும் மேற்சுரங்களே அதன் ஒலி. மணி, வெண்கலம், மின் பியானோ போன்ற ஒலிகள் முன்பு இல்லாத தெளிவுடன் கிடைத்தன.

ஆனால் டிஎக்ஸ்7 இல் புதிய ஒலியை உருவாக்குவது கடினம். மூக் கருவிகளில் ஒவ்வோர் அளவுருவுக்கும் ஒரு குமிழ் இருந்தது. குமிழைத் திருகினால் மாற்றம் உடனே காதில் விழும். டிஎக்ஸ்7 இலோ நூற்றுக்கும் மேற்பட்ட அளவுருக்களைச் சிறிய திரையில் ஒவ்வொன்றாக அழைத்து, ஒரே நகர்த்தியால் மாற்ற வேண்டியிருந்தது. அதனால் பெரும்பாலோர் கருவியோடு வந்த ஆயத்த ஒலிகளையே பயன்படுத்தினர். 1980களின் உலகப் பாடல்கள் பலவற்றில் ஒரே மின் பியானோ ஒலி திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவே காரணம்.

1988 இல் வந்த கோர்க் எம்1, உண்மையான கருவிகளின் பதிவுத் துணுக்குகளையும் இசைத்தொடர் வசதியையும் ஒரே பெட்டியில் தந்தது. அதன்பின் கீபோர்டு வாங்குவோர் அதில் எத்தனை ஒலிகள் உள்ளன என்றே முதலில் கேட்கலாயினர். ஒலியை அமைக்கும் பணி ஜப்பானிலும் பிற நாடுகளிலும் உள்ள வடிவமைப்பாளர்களிடம் சென்றது.

இந்தியச் சந்தையின் தேவை இதில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசைக் கருவிகள் தபேலா, தம்புரா, சித்தார் முதலிய ஒலிகளோடும் இந்தியத் தாளக்கட்டுகளோடும் வெளிவந்தன. ரோலண்டின் எக்ஸ்பிஎஸ்-10 போன்றவையும் இந்திய ஒலிகளைச் சேர்த்துக்கொண்டன. சென்னைக்கு அருகே அமைந்த யமஹாவின் ஆலை 2019 இல் கீபோர்டு உற்பத்தியைத் தொடங்கியது.

தோல் வட்டாரமும் மேடைக் கச்சேரியும்

திரையிசையின் ஒலிகளை ஊர்தோறும் கொண்டுசென்றவை மெல்லிசைக் குழுக்கள். சென்னை–பெங்களூர் வழித்தடத்தில் பாலாற்றை ஒட்டிய இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்களிலும், பிற தமிழக நகரங்களைப் போலவே, திருமண மண்டபம், கோயில் திருவிழா, தேவாலயம் ஆகிய இடங்களில் ஆர்மோனியத்தின் இடத்தைக் கீபோர்டு பிடித்தது.

தோலும் ஒலி அமைப்பும் பழைய உறவினர். தமிழ் மரபு இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகைப்படுத்துகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோல் பெரும்பாலும் காலணி, பை, மேலாடை ஆகியவற்றுக்குச் செல்கிறது. மிருதங்கம், தவில், பறை ஆகியவற்றுக்குப் பதனிடாத பச்சைத் தோலே தேவை. மிருதங்கக் கலைஞர் வலந்தலையின் விளிம்பைக் கல்லாலும் கட்டையாலும் தட்டிச் சுருதி சேர்ப்பதும், தொப்பியில் ரவைப் பசையை ஒட்டி அதன் ஒலியைத் தாழ்த்துவதும் ஒலி அளவுருக்களை மாற்றும் வேலைகளே. காற்றின் ஈரப்பதம் மாறினால் தோலின் இறுக்கமும் சுருதியும் மாறும். அதனால் இவ்வேலை கச்சேரிக்குக் கச்சேரி, சில நேரம் பாட்டுக்குப் பாட்டு தொடரும்.

கீபோர்டின் சுருதி வானிலையால் மாறாது. ஆகவே மேடையில் மற்றவர்கள் அதற்கேற்பத் தங்கள் கருவிகளைச் சேர்க்கிறார்கள். சுருதி மாற்ற இயலாத கருவியோ, ஏற்கெனவே சேர்த்துவைத்த தோற்கருவியோ உடனிருந்தால், கீபோர்டு கலைஞர் ‘டியூனிங்’ அளவுருவைச் சில சென்ட் ஏற்றியோ இறக்கியோ பொருந்தச் செய்வார்.

மெல்லிசை மேடையில் மிகுதியாகப் பயன்படும் அளவுரு ‘டிரான்ஸ்போஸ்’. ஒரு பாடகர் ஒன்றரைக் கட்டையிலும் அடுத்த பாடகி ஐந்தரைக் கட்டையிலும் பாடினாலும், வாசிப்பவர் பழகிய ஒரே விரலமைப்பில் வாசித்து, பொத்தானை அழுத்திச் சுருதியை நகர்த்திக்கொள்ளலாம். ஆர்மோனியக் கலைஞர்கள் எல்லாக் கட்டைகளிலும் வாசிக்கப் பல ஆண்டுகள் பயின்றனர். இன்று அப்பயிற்சி இல்லாமலே மேடையேற முடிகிறது. தாளப் பகுதியில், 1985 இல் ரோலண்ட் அறிமுகப்படுத்திய ஆக்டபேட் வகைக் கருவிகள் டோலக், தவில், பறை ஆகியவற்றின் ஒலிகளை ஒரே ரப்பர் பரப்பில் தருகின்றன. பல தோற்கருவிக் கலைஞர்கள் செய்த பணியை ஒருவரே செய்யும் நிலை இதனால் உருவானது.

கமகத்தை நோக்கி

கீபோர்டில் ராகம் வாசிப்போர் இரண்டு வழிகளைக் கையாள்கின்றனர். ஒன்று, சுருதி வளைவுச் சக்கரத்தைப் பயன்படுத்துவது. மற்றொன்று, அண்டைச் சுரங்களை மிக விரைவாகத் தொட்டு, காதுக்கு வளைவு போன்ற உணர்வைத் தருவது. கர்நாடக இசைக் கச்சேரிகளைக் கீபோர்டில் வழங்கிப் பெயர்பெற்ற கே. சத்யநாராயணன், இக்கருவியும் கச்சேரி மேடைக்கு உரியது என்பதைத் தம் வாசிப்பால் நிறுவியவர்.

சம இடைவெளிச் சுரங்களின் குறையைப் போக்க, ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனித்தனியே சென்ட் அளவில் மாற்றும் ‘ஸ்கேல் டியூன்’ வசதி பல கருவிகளில் உண்டு. அந்தர காந்தாரத்தை 14 சென்ட் தாழ்த்தினால் அது தம்புராவோடு இழைவதைக் கேட்கலாம். 1940 இல் வானொலியின் கதவை மூடிய இரண்டு காரணங்களில் ஒன்று இதனால் தீர்ந்துவிடுகிறது. ஆயினும் இவ்வசதி கருவியின் உட்பிரிவுகளுக்குள் இருப்பதால் அதைத் தேடிச் சென்று பயன்படுத்துவோர் குறைவு.

சக்கரத்துக்கு ஒரு குறை உண்டு. வழக்கமான மிடி முறையில் வளைவு ஓர் அலைவரிசையில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே அசைக்கும். காந்தாரம் மட்டும் அசைந்து, அடியில் பிடித்திருக்கும் ஆதார சட்ஜம் அசையாமல் நிற்க முடியாது. லிப்போல்டு ஹேக்கன் உருவாக்கிய கன்டினியூம் கருவியில் கட்டைகளே இல்லை. மென்மையான பரப்பில் விரல் வழுக்கிச் செல்ல, ஒவ்வொரு விரலின் சுருதியும் தனித்தனியே மாறும். ரகுமான் இக்கருவியை 2009 இல் வெளிவந்த ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹனா தூ’ பாடலில் பயன்படுத்தினார். மேடைகளிலும் வாசித்துள்ளார். ஒவ்வொரு சுரத்தையும் தனியே வளைக்கும் முறை 2018 இல் மிடியின் அதிகாரப்பூர்வ நீட்சியாக ஏற்கப்பட்டது.

இன்றைய நிலை

இன்று கைப்பேசிச் செயலியிலும் கணினி மென்பொருளிலும் முழுமையான சிந்தசைசர்கள் கிடைக்கின்றன. ஆர். கே. சேகரின் காலத்தில் வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்த வசதிகள் இப்போது மாணவர்களின் கைக்கு எட்டும் விலையில் உள்ளன. அதே வேளையில், வாங்கிய நாள் முதல் ஆயத்த ஒலிகளை மட்டுமே வாசித்து, வடிகட்டியையோ ஒலியுறையையோ ஒருமுறையும் தொடாதவர்களும் பலர்.

தமிழக இசையில் இக்கருவியால் குறிப்பிடத்தக்க மாற்றம் நிகழ்ந்த இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் கருவி கொடுத்ததை அப்படியே ஏற்காமல் மாற்றியிருக்கிறார். திரையிசையில் புரோகிராமிங் கலைஞர்களும், கச்சேரி மேடையில் கமகத்துக்கு வழி தேடியவர்களும் அளவுருக்களைத் தம் காதுக்கு ஏற்ப அமைத்தவர்களே. ஆர்மோனியத்தின் மீது வைக்கப்பட்ட குறைகளைத் தீர்க்கும் வசதிகள் இன்றைய சாதாரணக் கீபோர்டுகள் பலவற்றிலும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதற்குச் சுருதி அறிந்த காதும், ஒவ்வொரு ராகத்தையும் முதலில் பாடிப் பழகும் பயிற்சியும் தேவைப்படுகின்றன.